ஏழு மாதப் பிஞ்சும் குடலில் வாழும் கிருமிகளும்

மும்பை தாராவியில் எங்கள் எழுத்தறிவு வகுப்பு நடக்கிறது. ராத்திரி 8 மணிக்குத்தான் வகுப்பு தொடங்கும். தோல் பட்டறையில் வேலை செய்பவர்கள் வருவார்கள். விடியற்காலையில் இட்லி சுட்டு விற்கும் அக்காமார் வருவார்கள். அநேகம் பேருக்குத் திருநெல்வேலிப் பக்கம்தான் சொந்த ஊர். நான் அங்கே சொல்லிக் கொடுக்கும் தொண்டர். எனக்கு 24 வயது. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எல்லோரும் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

எங்கள் வகுப்பில் படிக்கும் ஓர் அக்கா கர்ப்பமாக இருந்தார். திடீரென்று இரண்டு நாள் வரவில்லை. விசாரித்தேன். ஏழாம் மாதமே வலி கண்டு குழந்தை பிறந்துவிட்டதாம். பெண் குழந்தை. எடை 1 கிலோ 250 கிராம்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குழந்தை உள்ளே கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. வெளியே அக்காவின் மாமியார் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சங்கு. சீனித் தண்ணீர் ஒரு பாட்டிலில்.

"பச்சப்புள்ள தொண்டை காஞ்சு கெடக்கு. சேனை வைக்க விட மாட்டேங்காங்க. நீயாவது சொல்லும்மா" என்றார்.

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. உள்ளே போய் நர்ஸ் சிஸ்டரிடம் கேட்டேன். அவர் சொன்னார். பிறகு டாக்டரம்மாவும் சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த வாரம் வகுப்பில் அதையே பாடமாக வைத்தோம். அந்தப் பாடம்தான் இது.

குறைமாதம் என்றால் என்ன?

கர்ப்பம் ஏறத்தாழ 40 வாரம். 37 வாரம் முடிவதற்கு முன்னால் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. அதில் சுமார் 30 லட்சம் நம் இந்தியாவில் பிறந்தவை. வேறு எந்த நாட்டிலும் இத்தனை இல்லை.

நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. 'ஏழு மாசப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாசப் பிள்ளை பிழைக்காது' என்பார்கள். இது தவறு. வயிற்றில் எத்தனை வாரம் கூட இருக்கிறதோ அத்தனைக்கு நல்லது. எட்டு மாதக் குழந்தை ஏழு மாதக் குழந்தையைவிடப் பலமானது.

குறைமாதத்தில் பிறந்தால் உடம்பின் ஒவ்வொரு பாகமும் பிஞ்சாக இருக்கும். நுரையீரல் பிஞ்சு. தோல் பிஞ்சு. குடலும் பிஞ்சு. நுரையீரல் பலவீனம் நம் கண்ணுக்குத் தெரியும். குழந்தை மூச்சு வாங்கும். குடலின் பலவீனம் வெளியே தெரியாது. அதனால்தான் அதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிருமி எல்லாம் கெட்டதா?

வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். "ஆமா, கெட்டதுதான்" என்று எல்லோரும் சொன்னார்கள். இட்லி வியாபாரம் செய்யும் ஓர் அக்கா மட்டும் யோசித்தார். "அப்போ மாவு எப்படிப் புளிக்குது?" என்று கேட்டார்.

சரியான கேள்வி. மாவைப் புளிக்க வைப்பது கிருமிதான். பாலைத் தயிராக்குவதும் கிருமிதான். மண்ணில் கிருமி உண்டு. நம் தோலில் உண்டு. வாயில் உண்டு. குடலில் மிக மிக அதிகம். நம் உடம்பில் எத்தனை செல்கள் இருக்கின்றனவோ, ஏறத்தாழ அத்தனை கிருமிகளும் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை பாக்டீரியா என்ற வகை.

குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் பல வேலை செய்கின்றன. நமக்குச் செரிக்காததை அவை செரிக்கின்றன. சில வைட்டமின்களை உண்டாக்குகின்றன. கெட்ட கிருமிக்கு இடம் கொடுக்காமல் தடுக்கின்றன. ரயிலில் நல்லவர்கள் முன்னாடியே ஏறி உட்கார்ந்துவிட்டால் போக்கிரிக்கு உட்கார இடம் கிடைக்காது அல்லவா? அதுபோலத்தான்.

இந்தக் கிருமிகள் குழந்தைக்கு எங்கிருந்து வருகின்றன?

தாய் வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் குடலில் கிருமிகள் அநேகமாக இல்லை. பிறக்கும்போதுதான் குடியேற்றம் தொடங்குகிறது. சுகப்பிரசவத்தில் தாயின் உடம்பிலிருந்து கிருமிகள் வருகின்றன. தாயின் தோலிலிருந்து வருகின்றன. தாய்ப்பாலிலிருந்தும் வருகின்றன.

பால் குடிக்கும் குழந்தைக்கு மிகவும் வேண்டிய கிருமி ஒன்று உண்டு. அதன் பெயர் பிஃபிடோ பாக்டீரியா. 1899ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் டிசியே என்ற ஆய்வாளர், தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்தில் இதைக் கண்டுபிடித்தார்.

இந்தக் கிருமிக்கு என்ன சாப்பாடு? இங்கேதான் ஓர் ஆச்சரியம். தாய்ப்பாலில் ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. ஒரு லிட்டர் பாலில் 5 முதல் 15 கிராம் வரை இருக்கும். இது குழந்தைக்குச் செரிக்காது. அப்படியானால் தாயின் உடம்பு ஏன் இதை உண்டாக்குகிறது? நல்ல கிருமிக்காகத்தான்! தாய் தன் குழந்தைக்கு மட்டும் பால் கொடுப்பதில்லை. குழந்தையின் குடலில் இருக்கும் காவல்காரனுக்கும் சேர்த்துத்தான் சோறு போடுகிறாள்.

இந்தச் சர்க்கரை பசும்பாலில் மிக மிகக் குறைவு. சீனித் தண்ணீரில் கிடையாது. தேனில் கிடையாது.

குறைமாதக் குழந்தைக்கு என்ன கஷ்டம்?

நிறைமாதக் குழந்தை பிறந்ததும் தாயின் மார்பில் கிடக்கும். குறைமாதக் குழந்தை பெட்டிக்குள் போகும். மூக்கில் குழாய், கையில் ஊசி. தாயின் கிருமிகள் வந்து சேர நாளாகும். அதற்குள் ஆஸ்பத்திரியில் உலவும் கிருமிகள் குடலில் இடம் பிடித்துவிடுகின்றன. கிளெப்சியெல்லா போன்றவை அந்த வகை.

பல குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் ஊசியும் போட வேண்டி வருகிறது. உயிர் காக்க அது தேவைதான். ஆனால் அந்த மருந்துக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற பேதம் தெரியாது. இரண்டையும் கொல்லும். அதனால்தான் நல்ல டாக்டர்கள் தேவையான நாளுக்கு மேல் அதைப் போடுவதில்லை.

பிஞ்சுக் குடலின் சுவர் மெல்லியது. கிருமிகள் சுவரைத் தாண்டி உள்ளே நுழைய முடியும். அப்போது குழந்தையின் உடம்பு எதிர்த்துச் சண்டை போடுகிறது. அளவாகச் சண்டை போட அந்த உடம்புக்கு இன்னும் பழக்கம் இல்லை. அளவுக்கு மீறிப் போடுகிறது. குடல் வீங்குகிறது. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்தம் போகாத இடத்தில் குடலின் சதை செத்துப்போகிறது. சில சமயம் குடலில் ஓட்டையே விழுந்துவிடும்.

இந்த நோய்க்கு டாக்டர்கள் 'நெக்ரோடைசிங் என்டெரோகோலைட்டிஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுருக்கமாக 'நெக்' என்கிறார்கள். நாம் 'குடல் அழுகல் நோய்' என்று சொல்லலாம்.

ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான எடையில் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 5 முதல் 10 குழந்தைகளுக்கு இது வருகிறது. வந்த குழந்தைகளில் ஏறத்தாழ நாலில் ஒன்று இறந்துவிடுகிறது. பிறந்த அன்றே இது வருவது அபூர்வம். பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வரும். 'பிள்ளை தேறிவிட்டது' என்று வீட்டார் மூச்சு விடும் நேரத்தில் வரும்.

பதினோராம் நாள்

அக்காவின் குழந்தைக்கும் அப்படித்தான் வந்தது. பத்து நாள் நன்றாக இருந்தாள். குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் போனது. பதினோராம் நாள் காலையில் வயிறு உப்பியது. குழாயில் பச்சையாகத் தண்ணீர் வந்தது. மலத்தில் ரத்தம் தெரிந்தது. குழந்தை துவண்டு கிடந்தாள்.

உடனே பாலை நிறுத்தினார்கள். வயிற்றில் இருந்த காற்றையும் நீரையும் குழாய் வழியாக வெளியே எடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தக் குழாய் வழியாகச் சத்து நீரும் மருந்தும் ஏற்றினார்கள். குடல் ஓட்டையாகிவிட்டால் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டார்கள்.

அக்கா தன் பெயரை எழுதினார். ஆறு மாதம் முன்னால் வகுப்பில் எழுதக் கற்றுக்கொண்ட பெயர். "இதுக்கா டீச்சர் கத்துக்கிட்டேன்?" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பிறகு டாக்டரம்மாவிடம் ஒன்று கேட்டார். "என் பால் சேரலையா? நான் ஏதும் சாப்பிட்டது ஆகலையா?"

டாக்டரம்மா சொன்ன பதிலை எல்லாத் தாய்மாரும் தெரிந்துகொள்ள வேண்டும். தாய்ப்பால் குடித்த குழந்தைக்கும் இந்த நோய் வரலாம். குறைமாதம்தான் முதல் காரணம். தாய் செய்த தப்பு அல்ல. ஆனால் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இது வரும் வாய்ப்பு குறைவு. இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 1990ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைவிட, பவுடர் பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்கு இந்த நோய் 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்திருந்தது.

"அதனால் பாலைப் பீய்ச்சுவதை நிறுத்தாதீங்க. இன்றைக்குக் கொடுக்க முடியாட்டியும் குடல் ஆறினதும் அதுதான் மருந்து" என்றார் டாக்டரம்மா.

அக்கா நிறுத்தவில்லை. பகலிலும் ராத்திரியிலுமாக ஒரு நாளைக்கு எட்டு முறை பீய்ச்சினார். எத்தனை மணி, எத்தனை மில்லி என்று ஒரு நோட்டில் தன் கையாலேயே எழுதினார். முதலில் 5 மில்லி. பிறகு 15. பிறகு 40. ஒன்பதாம் நாள் குழந்தைக்கு மறுபடி ஒரு மில்லி பால் கொடுத்தார்கள். வயிறு உப்பவில்லை. ஆபரேஷன் தேவைப்படவில்லை.

அடுத்த கட்டிலில் இருந்த அம்மாவுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. அவருடைய மகனுக்கும் இதே நோய். அவன் பிழைக்கவில்லை. இதை மறைத்து நான் பாடம் சொல்ல முடியாது.

தாய்ப்பால் வங்கி

சில தாய்மாருக்கு முதல் நாட்களில் பால் போதாது. சிலர் தாமே நோயில் கிடப்பார்கள். அப்போது என்ன செய்வது? ரத்த வங்கி போல் தாய்ப்பால் வங்கியும் இருக்கிறது. ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி எங்கே தொடங்கியது தெரியுமா? நம் தாராவிக்குப் பக்கத்தில்தான். சயான் ஆஸ்பத்திரியில் 1989ஆம் ஆண்டில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் என்ற அம்மையார் அதைத் தொடங்கினார். இன்று நாட்டின் பல ஊர்களில் இத்தகைய வங்கிகள் இருக்கின்றன.

தன் குழந்தைக்குப் போக மீதிப் பால் உள்ள தாய் அங்கே பால் கொடுக்கலாம். முதலில் அந்தத் தாய்க்கு எய்ட்ஸ் கிருமி, மஞ்சள் காமாலை கிருமி போன்றவை இல்லை என்று ரத்தச் சோதனை செய்வார்கள். பாலை 62.5 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைப்பார்கள். பிறகு உறைய வைப்பார்கள். கிருமிச் சோதனையும் செய்வார்கள். அதன் பிறகே குழந்தைக்குக் கொடுப்பார்கள்.

சூடு பண்ணும்போது பாலின் காப்புச் சக்தி கொஞ்சம் குறையும். ஆகவே முதலிடம் பெற்ற தாயின் பாலுக்கே. அது கிடைக்காதபோது வங்கிப் பால். இரண்டும் இல்லாதபோதுதான், டாக்டர் சொன்னால் மட்டும், பவுடர் பால்.

எங்கள் வகுப்பில் இன்னோர் அக்கா தன் கதையைச் சொன்னார். ஒரு தனியார் நர்சிங் ஹோமில் அவருக்குப் பிரசவம் ஆனது. பிறந்த அன்றே பவுடர் டப்பா வாங்கி வரச் சொன்னார்களாம். "உனக்குப் பால் வராது" என்றார்களாம். முதல் நாள் பால் கொஞ்சமாகத்தான் வரும். அந்த மஞ்சள் நிறச் சீம்பால் சில சொட்டு இருந்தாலும் போதும். குறைமாதக் குழந்தைக்கு அது தங்கம்.

1992ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் இதற்கு ஒரு சட்டம் வந்தது. 2003இல் அதைக் கடுமையாக்கினார்கள். குழந்தைப் பால் பவுடருக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்யக் கூடாது. இலவசமாகக் கொடுத்துப் பழக்கக் கூடாது. 'குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்தது' என்று டப்பாவிலேயே அச்சடிக்க வேண்டும். இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். டப்பாவைத் திருப்பிப் படித்துப் பார்ப்போம்.

தயிர் தொட்டு வைக்கலாமா?

வகுப்பில் ஒரு பாட்டி கேட்டார். "தயிர்லயும் நல்ல கிருமி இருக்குன்னு சொன்னியே. அதை ஒரு சொட்டு நாக்குல தடவலாமா?"

கூடாது. தயிரில் எந்தக் கிருமி, எத்தனை இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நல்லதோடு கெட்டதும் இருக்கலாம். நமக்குத் தாங்கும். பிஞ்சுக் குடல் தாங்காது.

நல்ல கிருமியை மருந்தாகக் கொடுக்கும் முயற்சிகள் நடக்கின்றன. ஒடிசா மாநிலக் கிராமங்களில் 4,556 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2017இல் அதன் முடிவு வந்தது. பாதிக் குழந்தைகளுக்கு ஒரு நல்ல கிருமியையும், அந்தக் கிருமிக்கு உணவான ஒரு சர்க்கரையையும் 7 நாள் கொடுத்தார்கள். மற்றக் குழந்தைகளில் 100க்கு 9 பேருக்கு ரத்தத்தில் கிருமி பரவும் நோயோ மரணமோ ஏற்பட்டது. மருந்து பெற்றவர்களில் அது 100க்கு 5 பேர் அளவுக்குக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் இரண்டு கிலோவும் அதற்கு மேலும் எடை உள்ள குழந்தைகள்.

மிகச் சிறிய குழந்தைகளுக்கும் இத்தகைய மருந்தால் குடல் அழுகல் நோய் குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஆபத்தும் உண்டு. 2023இல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தை, மருந்தாகக் கொடுத்த அதே கிருமி ரத்தத்தில் பரவி இறந்தது. அந்நாட்டு அரசு எச்சரிக்கை விட்டது. ஆகவே இது டாக்டர் முடிவு செய்ய வேண்டிய விஷயம். கடையில் வாங்கி நாமே கொடுக்கும் விஷயம் அல்ல.

நாம் என்ன செய்யலாம்?

கர்ப்பமாக இருக்கும்போது: மாதம் தவறாமல் பரிசோதனைக்குப் போக வேண்டும். மாதம் ஆகாமல் வலி வந்தாலோ, நீர் உடைந்தாலோ வீட்டில் கஷாயம் வைத்துக் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே தாய்க்கு ஓர் ஊசி போடுவார்கள். அதனால் குழந்தையின் நுரையீரல் பலப்படும். குடல் நோய் வரும் வாய்ப்பும் குறையும்.

குழந்தை பிறந்த பிறகு: முதல் நாளிலிருந்தே பால் பீய்ச்ச வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தொடக் கூடாது. வளையல், மோதிரம் கழற்ற வேண்டும். டாக்டர் அனுமதித்ததும் குழந்தையை மார்போடு மார்பாக அணைத்துக்கொள்ள வேண்டும். கங்காரு தன் குட்டியை வயிற்றுப் பையில் வைத்திருப்பது போல. இதனால் சூடு கிடைக்கும். பால் ஊறும். தாயின் நல்ல கிருமிகளும் குழந்தைக்குப் போகும்.

வீட்டுக்கு வந்த பிறகு: சேனை, தேன், கழுதைப்பால், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தாய்ப்பால் மட்டும் போதும்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அடையாளங்கள் இவை:

வயிறு உப்பிக் கெட்டியாதல்.
பச்சையாக வாந்தி எடுத்தல்.
மலத்தில் ரத்தம்.
பால் குடிக்க மறுத்தல்.
துவண்டு கிடத்தல், உடம்பு சில்லிட்டுப் போதல்.
மூச்சு விட்டு விட்டு வருதல்.

இதில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 'உரம் விழுந்திருக்கு' என்று வயிறு தடவ வேண்டாம். அரசு ஆஸ்பத்திரிகளில் நோயுற்ற பச்சிளம் குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, சோதனை, வாகனம் எல்லாம் இலவசம். 2011ஆம் ஆண்டில் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம் இது. இப்போது ஒரு வயது வரை இது உண்டு. பணம் கேட்டால் இந்தத் திட்டத்தைச் சொல்லிக் கேள்வி கேளுங்கள். அது நம் உரிமை.

சங்கு என்ன ஆனது?

ஏழு வாரம் கழித்துக் குழந்தை வீட்டுக்கு வந்தாள். எடை 1 கிலோ 900 கிராம். எடை அட்டையை அக்காவே எனக்குப் படித்துக் காட்டினார்.

நான் போனபோது மாமியார் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் மார்பில், சேலைக்குள் கிடந்தாள். அக்கா குளிக்கப் போகும் நேரத்தில் பாட்டிதான் கங்காரு. பக்கத்தில் அந்தச் சங்கு இருந்தது. வெந்நீரில் கொதிக்க வைத்து, துணி போட்டு மூடியிருந்தது.

"சீனித் தண்ணி இல்லம்மா. தாய்ப்பாலை இதுல ஊத்திக் குடுக்கலாம்னு நர்ஸே சொல்லிட்டா" என்று சிரித்தார்.

மறு வாரம் அக்கா வகுப்புக்கு வந்தார். நோட்டும் கொண்டுவந்தார். பால் கணக்கு எழுதிய அதே நோட்டு. பாதிப் பக்கம் மீதி இருந்தது. அதில் தொடர்ந்து பாடம் எழுதுகிறார்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கு முதலில் என்ன கொடுக்கிறார்கள்? ஏன்?
2. நல்ல கிருமி, கெட்ட கிருமி இரண்டுக்கும் நீங்கள் கண்ட உதாரணங்கள் என்ன?
3. உங்கள் ஊருக்கு அருகில் குறைமாதக் குழந்தைக்குச் சிகிச்சை தரும் அரசு ஆஸ்பத்திரி எது? அங்கே தாய்ப்பால் வங்கி உண்டா? விசாரித்து, பெயரை உங்கள் நோட்டில் எழுதுங்கள்.